காவலும் கேள்வியும்

இங்கிலாந்து தேசத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாகாணத்தைச் சார்ந்த டட்பரி என்னும் சிற்றூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஆன் மூர் என்ற நடுவயது ஸ்திரீ ஒருத்தி, ஆகாரம் எதுவுமின்றியே தான் ஜீவித்து வருவதாகச் சொல்லிக்கொண்டு படுக்கையிற் கிடந்தாள். கணவனாற் கைவிடப்பட்டு, குழந்தைகளோடு வறுமையில் உழன்றவள் அவள். உடம்பிற் புண்பட்ட நோயாளி ஒருவரின் துணிகளைத் துவைத்த நாள்தொட்டே அவளுக்கு உணவில் அருவருப்பு உண்டாயிற்று என்று அக்காலத்துக் குறிப்புக்கள் கூறுகின்றன. 1808-ஆம் ஆண்டில் அக்கம்பக்கத்தார் முறைவைத்துக்கொண்டு பதினாறு நாள் இரவும் பகலும் அவளைக் காவல்காத்து, அவள் உண்ணவில்லை என்று சாட்சி சொன்னதும், அவளுடைய கீர்த்தி பரவி, தூரதேசங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து பார்த்துக் காணிக்கை வைத்துவிட்டுப் போகலானார்கள். 1813-இல், சந்தேகம் தீராத சிலர், லே ரிச்மண்ட் என்ற பாதிரியார் முதலானோரைக் கூட்டி மறுபடியும் ஒரு காவலை ஏற்பாடு செய்தனர். இம்முறை படுக்கையைச் சோதித்து மாற்றி, கட்டிலையே ஒரு நிறைகோல் இயந்திரத்தின்மேல் ஏற்றிவைத்து, அவளுடைய மகளை அண்டவொட்டாமல் தடுத்தார்கள். ஒன்பது நாளில் அவள் சாகுந் தறுவாய்க்கு வந்துவிட்டாள். தாயின் முகத்தைத் துடைக்கும் சாக்கில் பாலிலும் குழம்பிலும் நனைத்த துணியைக் கொடுத்தும், முத்தமிடும்போது வாய்க்கு வாய் ஊட்டியும் மகளே இத்தனை ஆண்டு அவளைக் காப்பாற்றி வந்தாள் என்பது அதன்பிறகே வெளிப்பட்டது.

ஊரார் இதை ஒரு மோசடி என்று தீர்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். மோசடிதான், அதில் ஐயமில்லை. ஆனால், ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டு காவல்களின் வரலாற்றைப் படிக்கும்போது என் மனத்தை மிகவும் உறுத்துவது, அத்தனை பேர் கூடியிருந்த அந்த அறையிலே எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்பது: இவள் உண்கிறாளா, இல்லையா? உணவைக் கண்டு அருவருக்கவும், ஒளித்து உண்ணவும், உண்பதை மறைப்பதையே தொழிலாகக் கொள்ளவும் நேர்ந்த ஒரு பெண்ணின் நாட்கள் எப்படிக் கழிந்தன, அவளோடு சேர்ந்து அந்த இரகசியத்தைச் சுமந்த மகளின் வாழ்வு என்னவாயிற்று என்று விசாரிக்க அந்தச் சபைக்கு அவசியம் தோன்றவில்லை. ஆன் மூரை இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் பெயரொன்றைச் சூட்டி நோயாளியாக்குவது என் கருத்தன்று. நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு நாம் நோயின் பெயர் கூறுவது எளிதிற் பிழைபடும் காரியம். உண்ணாதவர் ஒருவர் எதிர்ப்பட்டால் அவரைக் காவல்காப்பது, நிறுப்பது, சாட்சி எழுதுவது என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அந்த வழக்கம் பின்னர் ஆஸ்பத்திரிக்குள் எவ்வாறு குடிபுகுந்தது, அவரைக் கேட்பது என்னும் வேறொரு வழக்கம் அதனருகில் எத்துணைத் தாமதமாக வந்து நின்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறேன்.

டட்பரியைவிடத் துயரமானது வேல்ஸ் நாட்டுக் கதை. கார்மார்தன்ஷயரில் ஒரு குத்தகைக் குடியானவனின் மகளாகிய ஸேரா ஜேக்கப் என்ற சிறுமி, 1867-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் ஒன்றும் உண்ணவில்லை என்று பெற்றோர் சொல்ல, அவ்வூர்ப் பாதிரியார் அதனைப் பத்திரிகைக்கு எழுத, பென்கேடர் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே பையன்கள் காத்து நின்றார்கள். குழந்தை ரிப்பனும் மலருமாக அலங்கரிக்கப்பட்டுப் படுக்கையில் நூல் வாசித்துக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் அவள் மார்பின்மேல் நாணயம் வைத்துச் செல்வார்கள். 1869-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கப்பட்ட நான்கு தாதிகள் அந்த வீட்டிலே காவலைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையைக் கவனிக்கவேண்டும்: குழந்தை உணவு கேட்டால் மறுக்கக்கூடாது, ஆனால் வேண்டுமா என்று அவர்களாகக் கேட்கக்கூடாது. பயிற்சி பெற்ற நான்கு தாதிகள் சூழ்ந்திருக்க, பன்னிரண்டு வயதுக் குழந்தை, கேட்காமலும் கேட்கப்படாமலும், டிசம்பர் 17-ஆம் நாள் இறந்தாள். பெற்றோர் இருவரும் தண்டிக்கப்பட்டனர். தந்தைக்கு ஓராண்டுக் கடுங்காவல், தாய்க்கு ஆறு மாதம். காவலை ஏற்பாடு செய்தவர்கள்மீது வழக்கு நிலைக்கவில்லை.

அதே கைஸ் ஆஸ்பத்திரியிலே நெடுங்காலம் பணியாற்றிப் பெரும்புகழ் எய்தியவர் வில்லியம் கல் என்னும் வைத்தியர். வேல்ஸ் இளவரசரின் டைஃபாய்டு ஜுரத்துக்குச் சிகிச்சை செய்து ‘ஸர்’ பட்டம் பெற்ற அவர், 1873-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் கிளினிக்கல் சொஸைட்டியில் வாசித்த கட்டுரையிலேதான், இன்றளவும் வழங்கிவரும் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயரை, உண்ண மறுத்து மெலியும் இந்நோய்க்கு இட்டார். க்ஷயரோகமன்று, வயிற்றில் கட்டியில்லை, ஈரலும் இருதயமும் பழுதுறவில்லை. ஆயினும் உடம்பு எலும்பாய்த் தேய்கிறது. மனத்தின் கோளாறே காரணம் என்று அவர் நிறுவியது பெரிய காரியம். சந்நியாசியென்றும் கபடியென்றும் மட்டுமே உலகம் அறிந்திருந்த ஒரு மனிதவகையை நோயாளி என்று ஏற்று, சிகிச்சைக்கு உரிமை தந்தவர் அவர். அவருடைய கட்டுரையில் வரும் முதற் பெண்ணின் நாடி நிமிஷத்துக்கு 56, சுவாசம் 12 என்றெல்லாம் கணக்குக் காண்கிறோம். நோயுற்றபோதும் தேறியபின்னும் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய சித்திரங்களும் உண்டு. அவள் எப்பொழுதும் அமைதியின்றி நடமாடிக்கொண்டேயிருந்தாள், நோவு என்று எதையும் சொல்லவில்லை என்று அவர் குறித்தார். உற்றார் உறவினரே இந்நோயாளிகளுக்கு மிகத் தகாத பணியாளர்கள் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். எடைக்கணக்குகளும் அவர் தந்திருக்கிறார். அவற்றை நான் இங்கு எடுத்தெழுதாமைக்குக் காரணமுண்டு. இந்நோயில் அகப்பட்டவர்களுக்கு அத்தகைய எண் ஒவ்வொன்றும் ஒரு போட்டிக்கு அழைப்பாகிவிடும் என்று அதனை அனுபவித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அதே 1873-ஆம் ஆண்டின் வசந்தத்தில், பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்ல் லாஸேக் இதே நோயைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், லண்டன் வைத்தியர் கட்டிலினருகே நின்றார், பாரிஸ் வைத்தியர் சாப்பாட்டு மேஜையினருகே உட்கார்ந்தார் என்பதை உடனே உணர்வர். லாஸேக் கண்ட நோயாளிகள் எண்மர்; பதினெட்டு வயது முதல் முப்பத்திரண்டு வரை. இந்த வயதுக்கணக்கு முக்கியமானது. பின்வந்த நூறாண்டுக் காலத்தில் இந்நோய் பள்ளிக்கூடத்துச் சிறுமியின் நோய் என்று ஜனங்கள் மனத்திற் பதிந்துவிட்டதேயன்றி, ஆதிமுதல் அது குடும்பமும் தொழிலும் உள்ள வயதுவந்தவர்களையும் பற்றியே நின்றிருக்கிறது.

லாஸேக் வரைந்த குடும்பச் சித்திரத்துக்கு ஈடாக வைத்திய நூல்களில் நான் வேறொன்றைக் கண்டதில்லை. முதலில் சாப்பிட்டபின் வயிற்றிலே ஏதோ ஒரு சங்கடம், அதற்காக ஒரு பதார்த்தம் விலக்கப்படுகிறது, பின்பு இன்னொன்று, வாரங்கள் செல்லச் செல்ல ஒரு வேளையே விலக்கப்படுகிறது. வீட்டாருக்கு அறிந்த வழி இரண்டே: கெஞ்சுவது, மிரட்டுவது. விதவிதமான பண்டங்கள் சமைத்து முன்வைக்கப்படுகின்றன. ஒரு வாய் ஏற்றால் அது பெற்றோர்பால் காட்டும் அன்புக்கு அடையாளமென்று மன்றாடப்படுகிறது. மன்றாட மன்றாட வெறுப்பு மிகுகிறது. நாளடைவில் அந்த வீட்டிலே வேறு பேச்சே இல்லாமற் போய்விடுகிறது. நோயாளியைச் சுற்றி அந்த ஒரு விஷயமே காற்றாகச் சூழ்ந்துகொள்ள, அவள் உலகமும் அந்த அளவுக்குக் குறுகுகிறது. இவ்வளவுக்கும் நடுவே அவள் சஞ்சலமின்றி இருக்கிறாள். துன்பம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று மாறாத குரலிற் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குணமாக வேண்டும் என்ற ஆசையே காணப்படவில்லை. இந்தத் திருப்தியைக் கண்டு லாஸேக் திகைத்தார். அந்தத் திகைப்பு வைத்திய சாஸ்திரத்தைவிட்டு இன்றும் முற்றும் அகலவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

லாஸேக் திறந்த வாயில் வழியாக அவருக்குப் பின்வந்தவர்கள் நுழையவில்லை. பாரிஸ் நகரின் வைத்தியர் ஷார்க்கோ, நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து நீர்ச்சிகிச்சை நிலையத்தில் தனிமைப்படுத்துவதே முதல் மருந்து என்றார். அங்கூலேமிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண், பெற்றோர் ஊரைவிட்டே புறப்பட்ட பின்பு உண்ணத் தொடங்கினாள் என்பதை அவர் தம் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். 1914-இல் ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் ஸிம்மன்ட்ஸ், மெலிந்திறந்த பெண்ணொருத்தியின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்திருக்கக் கண்டதும், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை, தானே பட்டினி கிடப்பவர்களுக்கும் சுரப்பிச் சாறே ஊசியாக ஏற்றப்பட்டது. சரீரத்தில் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனிதரை விசாரிக்கும் தொல்லை இல்லையல்லவா?

இக்காலத்திற்கு இடையிலேதான் எல்லன் வெஸ்ட் என்ற பெண் வருகிறாள். அது அவள் உண்மைப் பெயரன்று. அவளுக்குச் சிகிச்சையளித்த லுட்விக் பின்ஸ்வாங்கர் சூட்டியது. சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள க்ராய்ட்ஸ்லிங்கன் என்னும் ஊரில், பெல்லவ்யூ என்ற பெயர்பெற்ற மனநோய் நிலையத்துக்கு 1921-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவள் தன் கணவனோடு வந்தாள். முப்பத்துமூன்று வயதை நெருங்கியவள், கவிதை எழுதியவள், ஏழைகளின் நிலை கண்டு பொறாமல் சமூக ஊழியத்திற் பயின்று, குழந்தைகளுக்கு வாசகசாலைகள் அமைத்தவள். பருத்துவிடுவோமோ என்ற அச்சமும், உண்ணவேண்டும் என்ற அடங்கா வேட்கையும் ஒருங்கே அவளை ஆட்கொண்டிருந்தன. இரண்டு மனப்பகுப்பு நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றாயிற்று. க்ரேப்பெலின் என்னும் பேரறிஞர் பார்த்து, மெலங்கோலியா என்றார். தன் நாட்களைப் பற்றி அவள் எழுதிவைத்த டைரியும், கணவனுக்கு எழுதிய கடிதங்களும், இந்நோயின் உள்முகத்தை வெளிப்படுத்திய முதல் ஆவணங்களுள் தலையானவை. காலையில் கண்விழித்ததும் சாப்பாடு என்னும் சிந்தையே முன்வந்து நிற்பது, வேலையெதுவும் அந்தச் சிந்தையைத் தாண்டிச் செல்ல ஒட்டாமை, தோழியரோடு உலவும்போதும் தான் அவர்களுக்கு அப்பால் ஒரு கண்ணாடிச் சுவரின் பின்னே நிற்பதுபோன்ற உணர்வு ஆகிய இவற்றை அவள் வைத்தியர் எவரையும்விடத் தெளிவாக விவரித்தாள்.

மார்ச் மாதம் 24-ஆம் நாள் பின்ஸ்வாங்கரும், ஸூரிச்சிலிருந்து வந்த மனநோய் வைத்தியர் ப்ளாய்லரும், அயல்நாட்டு மனநோய் வைத்தியர் ஒருவரும் கூடி ஆலோசித்தனர். ப்ளாய்லர் இது ஐயத்துக்கிடமின்றி ஸ்கிஸோஃப்ரீனியா என்றார்; அயல்நாட்டவர் மாறுபட்டார்; நோயின் பெயரில் ஒருமைப்படாத மூவரும், நிச்சயமான சிகிச்சை எதுவும் இல்லை என்பதில் மட்டும் ஒருமைப்பட்டனர். வாயில் பூட்டிய பகுதியில் காவலோடு வைப்பது, அல்லது வீட்டுக்கு அனுப்புவது என்ற இரண்டே வழிகள் அவளுக்கும் கணவனுக்கும் எதிரே வைக்கப்பட்டன. 30-ஆம் நாள் அவள் வீடு திரும்பினாள். சில நாட்களில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். 1944-45-ஆம் ஆண்டுகளில் பின்ஸ்வாங்கர் இவ்வரலாற்றை நீண்டதொரு தத்துவ விசாரமாக வெளியிட்டபோது, அந்த மரணத்தையே அவள் வாழ்வின் நிறைவுபோல எழுதிச்சென்றார். அவளுடைய சொற்களைப் பாதுகாத்துத் தந்தமைக்கு அவருக்கு நன்றி செலுத்த வேண்டியதே. ஆயினும் அம்முடிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. 1961-இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ராஜர்ஸ் இவ்வரலாற்றை மறுபடியும் எடுத்துக்கொண்டு, வந்து போன வைத்தியர்கள் எல்லோரும் அவளை ஆராயப்படும் பொருளாகவே நடத்தினர், தன் அனுபவத்தை நம்பத்தக்க ஒரு மனுஷியாக அவளை எவரும் எதிர்கொள்ளவில்லை என்று மனம் நொந்து எழுதினார். நாற்பது ஆண்டு கழிந்து வந்ததாயினும் அது நியாயமான தீர்ப்பு.

இரண்டாம் உலகயுத்தத்தின் இறுதியில் நிகழ்ந்த ஒரு பரிசோதனை, இந்நோயை உத்தேசித்துச் செய்யப்பட்டதன்றெனினும், இதன்மேல் எதிர்பாராத வெளிச்சத்தை வீசிற்று. யுத்தத்திற் பட்டினியுற்ற ஐரோப்பிய ஜனங்களுக்கு மீண்டும் உணவூட்டும் முறையை அறிவதற்காக, மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர், மனச்சாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த முப்பத்தாறு ஆரோக்கியமான இளைஞர்களை அவர்களுடைய இசைவோடு இருபத்துநான்கு வாரம் அரைவயிற்றுணவில் வைத்தார். விளையாட்டரங்கத்தின் மேடைக்கு அடியிலுள்ள அறைகளே அவர்களுடைய வாசஸ்தலம். சில வாரங்களிலேயே, முன்பு சமையலைப் பற்றி நினைத்தும் பாராத அவ்விளைஞர்கள் சமையற்புத்தகங்களைத் திரட்டிப் படிக்கலாயினர், தட்டிலிருந்ததைச் சிறுதுண்டுகளாக்கி மணிக்கணக்கில் உண்டனர், தட்டை நக்கினர், எதையேனும் ஒளித்துச் சேர்த்தனர், நண்பர்களை வெறுத்து ஒதுங்கினர், சிரிப்பை மறந்தனர். உணவு திரும்பிக் கிடைத்த பின்பும் பலருக்குப் பல மாதம் நிறைவே உண்டாகவில்லை. உணவுநோய் உடையவர்களின் ‘விசித்திர குணங்கள்’ என்று அதுவரை எண்ணப்பட்டவற்றிற் பெரும்பகுதி பட்டினியின் விளைவே என்பதற்கு, 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அந்த ஆராய்ச்சி சான்றாயிற்று. இளைஞர்கள் எழுதிய நாட்குறிப்புக்களையும் அவர்கள் சொன்ன சொற்களையும் கீஸ் குழுவினர் அளவைகளோடு சேர்த்துவைத்ததனால் அன்றோ இது நமக்குத் தெரியவந்தது?

எனினும் ஆஸ்பத்திரிகளில் காவல் வழக்கம் தளரவில்லை. புதிய வேஷம் பூண்டது. வர்ஜீனியா சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் முப்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவருக்கு நடந்த சிகிச்சையை 1965-இல் வெளியான ஒரு கட்டுரை விவரிக்கிறது. படங்களும் மலர்களும் வானொலியும் புத்தகங்களும் உள்ள இனிய அறையிலிருந்து அவரை, கட்டில், நாற்காலி முதலிய சிலவன்றி வேறெதுவும் இல்லாத வெற்றறைக்கு மாற்றினார்கள். கரண்டியில் கைவைத்தால் வைத்தியர் ஒரு வார்த்தை பேசுவார். வாயிலிட்டு மென்றால் இன்னும் சற்றுப் பேசுவார். உண்ட அளவுக்கேற்ப வானொலியும் இசைத்தட்டும் திரும்பக் கிடைக்கும். உண்ணாவிடில் எதுவும் இல்லை. அவருடைய எடை ஏறியது, உயிர் பிழைத்தது. அதனைக் குறைத்துச் சொல்லக்கூடாது; இறக்கும் தறுவாயிலுள்ள உடம்பு முதலில் காப்பாற்றப்படவேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இருக்கவியலாது. ஆயினும், மனிதக் குரலையே கூலியாக அளந்து கொடுக்கும் இம்முறை பரவலாயிற்று. அதன் அபாயங்களை 1974-இல் வெளிப்படையாக எடுத்துச்சொன்னவர் ஹில்டே ப்ரூக் என்ற பெண் வைத்தியர். நாஜிகளின் ஆட்சிக்கு அஞ்சி 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நிலைத்த அவர், தம் நோயாளிகள் சொல்வதைப் பல்லாண்டு பொறுமையோடு கேட்டவர். தம் வாழ்விலே எதுவும் தம் வசத்தில் இல்லை என்று ஆழத்தில் நம்புகிறவர்கள், வசப்படுத்தக்கூடிய ஒன்றாக உடம்பைக் கண்டுகொள்கிறார்கள். அந்த வசத்தையும் பறித்து எடை ஏற்றி அனுப்பினால், அவர்களுக்கு மிஞ்சுவது என்ன என்பது அவருடைய வாதம்.

காவலின் கண்ணுக்கு முற்றும் தப்பியிருந்த ஒரு பெருங்கூட்டம் இதன்பின்னரே தெரியவந்தது. 1979-இல், லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியைச் சார்ந்த ஜெரால்ட் ரஸல், ஏழாண்டுகளில் தாம் கண்ட முப்பது நோயாளிகளின் வரலாற்றைக் கொண்டு ‘புலிமியா நெர்வோசா’ என்னும் நோயை வரையறுத்தார். அவர்களுள் இருவர் ஆண்கள். அடக்கமுடியாமல் உண்பதும், உண்டதை வெளியேற்றுவதும், பருத்துவிடுவோம் என்ற அச்சமும் இந்நோயின் இலக்கணம். பார்வைக்கு உடம்பில் விகாரம் எதுவும் இல்லாதவர்களும் இதில் உண்டு. நிறைகோலை மட்டும் நம்பிய வைத்தியத்துக்கு இவர்கள் இல்லாதவர்களே.

இவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அறிய ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிரிஸ்டோஃபர் ஃபேர்பர்னும் பீட்டர் கூப்பரும் கையாண்ட வழி வைத்திய வரலாற்றிலே ஒரு புதுமை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை அவர்கள் புரட்டவில்லை. 1980-இல் ‘காஸ்மோபாலிட்டன்’ என்னும் பெண்கள் மாதப் பத்திரிகையில் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டு, இவ்வழக்கம் உள்ளவர்கள் எழுதினால் வினாத்தாள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. நோயின் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்தியவர்களாக அவர்கள் கண்டவர் மட்டும் 499 பெண்கள். பெரும்பாலோர் இருபது வயது கடந்தவர்கள். பல்லாண்டாக இதை எவரிடமும் சொல்லாதவர்கள். உதவி வேண்டுமென்று எண்ணியும் வைத்தியரிடம் வாய்திறவாதவர்கள். 1982-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான கட்டுரை, கண்டுபிடிக்கப்படாத பிரச்சினை என்று தலைப்பிலேயே இதனைக் குறித்தது. நூறாண்டுகள் காவலிருந்தும் வைத்தியம் காணாததை, வீட்டுக்கு வரும் பத்திரிகையில் அச்சான ஒரு கேள்வி கண்டது. தாம் ஒருவரே இப்படி என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி, அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, வீட்டார் அறியாமல் உறையெடுத்து விலாசம் எழுதும் அந்த நிமிஷத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

‘வாழ்க்கைத் தரம்’ என்னும் கருத்து வைத்தியத்துக்குள் வந்தது வேறு திசையிலிருந்து. புற்றுநோய், இருதயநோய் முதலியவற்றில் ஆயுளை நீட்டிக்கும் மருந்துகள் பெருகியபோது, நீட்டிக்கப்பட்ட அந்த ஆயுளை நோயாளி எப்படிக் கழிக்கிறார் என்ற கேள்வி தவிர்க்கவொண்ணாததாயிற்று. சரீர சக்தி, நோவு, மனநிலை, பிறரோடு பழகுதல் என எட்டுத் துறைகளைப் பற்றி நோயாளியையே கேட்டு எண்ணிடும் ‘எஸ்.எஃப்-36’ என்ற பொதுவினாத்தாள் 1992-இல் வெளியாகி உலகெங்கும் பரவியது. உணவுநோய்களில் அதனைப் பிரயோகித்த ஆரம்ப ஆராய்ச்சிகளுள் ஒன்று, ஸ்பெயின் தேசத்துப் பாஸ்க் பகுதியில் நடந்து 2000-இல் வெளியாயிற்று. இந்நோயாளிகளின் வாழ்வு ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் அவர்கள் வயதை ஒத்த மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்திருப்பதை அது காட்டியது. ஆனால், இத்தகைய ஆராய்ச்சிகள் பெருகப் பெருக ஒரு முரண் தலைகாட்டியது. உயிருக்கே ஆபத்தான மெலிவுடைய அனோரெக்ஸியா நோயாளிகள் சிலர், மற்ற உணவுநோயாளிகளைவிடத் தம் உடல்நிலை நன்றாயிருப்பதாகவே குறித்தனர். லாஸேக் கண்டு திகைத்த அதே திருப்தி, நூற்றிருபத்தைந்து ஆண்டு கழிந்து, எண்களின் வடிவில் எதிரே வந்து நின்றது.

கேட்பதனால் பயனில்லை என்று இதனால் முடிவுகட்டியவர்களும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மாடிப்படி ஏற முடிகிறதா என்ற கேள்விக்கு, நாள் முழுதும் நின்றும் நடந்தும் உடம்பை வாட்டுகிறவர் முடிகிறது என்றே விடையளிப்பார். கேள்வி அவருடைய வாழ்க்கையை அறியாதவர்கள் எழுதியது. 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இந்நோய்களுக்கென்றே இருபத்தைந்து கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை அமைத்தனர். மனம், உடலும் சிந்தனையும், பணம், தொழில் அல்லது கல்வி என்பன அதன் நான்கு பகுதிகள். பணத்தைப் பற்றியும் கேட்டது கவனிக்கத்தக்க காரியம். அடங்காமல் உண்பவர் மாதச் சம்பளத்திற் பெரும்பங்கை மளிகைக்கடையில் இழப்பதும், கடன்படுவதும், அதை மனைவியிடமோ கணவனிடமோ மறைப்பதும் அத்தகைய கேள்வியினால் வெளிவரக்கூடியவை. வயதுவந்தவரின் நோய் வயதுவந்தவரின் வாழ்க்கையைத்தான் அரிக்கும்: அலுவலகத்தில் எல்லோரும் கூடி உண்ணும் வேளையில் ஏதேனும் வேலையைச் சாக்காக்கி எழுந்து போவது, சிநேகிதர் விருந்துக்கு அழைக்குமுன்பே மறுமொழியைத் தயாரித்து வைத்திருப்பது, முப்பது வயதிலேயே எலும்பு மெலிந்து பல்லின் எனாமல் அரித்துப்போவது, தன் குழந்தைக்குச் சோறூட்டுகையில் கை நடுங்குவது. கூடுதல் உடம்போடு அடங்காமல் உண்ணும் நோயுற்றவர்கள் நிலை இன்னும் பரிதாபம். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-இலேயே அவர்களைப் பற்றி எழுதியிருந்தும், அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் அது தனிநோயாக இடம்பெற்றது 2013-இல்தான். இடைப்பட்ட ஐம்பத்துநான்கு ஆண்டுகளும் அவர்களுக்குக் கிடைத்த மருந்து பெரும்பாலும், குறைவாகச் சாப்பிடு என்னும் உபதேசமே.

நம் நாட்டுக்கு இந்நோய்கள் அந்நியம் என்ற எண்ணமும் வெகுகாலம் நிலவிற்று. 1990-களில் சென்னையில் மனநல மருத்துவர்கள் சிலர் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே விசாரித்து, மேனாட்டு இலக்கணத்துக்கு முற்றும் பொருந்தாவிடினும் உண்பதைப் பற்றிய சஞ்சலம் மிகுந்த ஒரு நிலை இங்கும் இருப்பதைக் கண்டு, அதற்கென ஒரு வினாத்தாளும் இயற்றினர். மேனாட்டுக் கேள்விகளை மொழிபெயர்த்து நீட்டாமல் இங்குள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதிலிருந்தே அவர்கள் தொடங்கினார்கள். அந்த வேலை இன்னும் எவ்வளவோ பெருகவேண்டும்.

2013-இல் வெளியான ஒரு சிகிச்சைப் பரிசோதனையே, என் நோக்கில், டட்பரியில் நாம் கண்ட பழைய வழக்கம் திசைதிரும்பிய இடம். சிட்னியிலும் லண்டனிலும், குறைந்தது ஏழாண்டு காலமாக அனோரெக்ஸியாவோடு வாழ்ந்துவரும் அறுபத்துமூவர் அதிற் பங்குகொண்டனர். ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சிகிச்சை பெற்றுத் தோற்று, இனிப் பயனில்லை என்று விடப்படுகிறவர்கள் இத்தகையோர். சிகிச்சையை நடுவிலேயே விட்டுப்போவதற்கும் இவர்கள் பெயர்பெற்றவர்கள். இப்பரிசோதனையில் எடையேற்றம் முதற்குறியாக வைக்கப்படவில்லை. வாழ்க்கைத் தரமே முதற்குறியாக வைக்கப்பட்டது. முப்பது அமர்வுகள், எட்டு மாதம். இரண்டுவகைப் பேச்சுச் சிகிச்சைகள் ஒப்பிடப்பட்டன, இரண்டுமே பயனளித்தன. வாழ்க்கைத் தரமும் மனநிலையும் சீர்பட்டன, விட்டுப்போனவர்கள் மிகச்சிலரே. வைத்தியத்தில் இதனைக் கைவிடுதல் என்று கண்டித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவலைக்கும் இடமுண்டு. எடை அபாய எல்லைக்குக் கீழே செல்லும்போது வாழ்க்கைத் தரம் பேசிக்கொண்டிருப்பது கொடுமையாகிவிடும். ஆனால், எதை முன்வைத்தால் அந்த அறுபத்துமூவரிற் பெரும்பாலோர் அறையை விட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

போஸ்டன் நகரில் அனோரெக்ஸியாவும் புலிமியாவும் உள்ள 246 பெண்களை 1980-களின் இறுதியிலிருந்து தொடர்ந்து சந்தித்துவந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, இருபத்திரண்டு ஆண்டு கழித்து அவர்களுள் இயன்றவரையெல்லாம் மறுபடியும் தேடிச் சென்று பேட்டி கண்டு, 2017-இல் முடிவை வெளியிட்டது. ஒன்பதாம் ஆண்டளவில் அனோரெக்ஸியா உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே குணமடைந்திருந்தனர்; இருபத்திரண்டாம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு அறுபத்திரண்டைத் தாண்டியிருந்தது; புலிமியா உள்ளவர்களில் அறுபத்தெட்டு. ஒன்பதாண்டு கழிந்தும் குணமாகாதிருந்த அனோரெக்ஸியா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதன்பின் வந்த ஆண்டுகளில், நாற்பதை நெருங்கியும் கடந்தும் இருந்த வயதிலே, நோயினின்று நீங்கியிருந்தார்கள். பத்தாண்டு கடந்த நோயாளியை ‘நாட்பட்டவர்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடும் ஆஸ்பத்திரிகள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும்.